‘பல்லிகூடம்’ என்று எழுதும் பையன்

கேள்வி: வணக்கம் டீச்சர். நாங்கள் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 3 படிக்கிறான். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், கதை அளப்பான். எழுதச் சொன்னால்தான் பிழை. வாரா வாரம் சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. பிழையான ஒவ்வொரு சொல்லையும் இருபது முறை எழுத வைக்கிறேன். அழுதுகொண்டே எழுதுகிறான், மறுவாரம் அதே பிழையை விடுகிறான். ஆங்கிலத்திலும் அப்படித்தான்: போலீசுக்கு ‘பி-ஓ-எல்-ஐ-எஸ்’ என்று எழுதுகிறான். எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாலையில் மாமியார்தான் அவனைப் படிக்க வைக்கிறார். “மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிடு, அங்கே இந்த இரண்டு சுழி, மூன்று சுழித் தொல்லையெல்லாம் இல்லை” என்கிறார். வீட்டுக்காரர் சோம்பேறித்தனம் என்று ரோத்தான் பிரம்பைக் காட்டுகிறார். இது டிஸ்லெக்சியாவா? டியூஷனுக்கு அனுப்பவா? வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா? நோட்டில் இரண்டு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அந்த இரண்டு படங்கள்தான் எனக்கு அதிகம் சொல்லின. நல்லவேளை, அனுப்பினீர்கள். ‘பிள்ளை நிறைய எழுத்துப்பிழை விடுகிறான்’ என்று மட்டும் எழுதியிருந்தால், நானும் ‘நிறைய வாசிக்கச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன்.

முதல் படம் சொல்வதெழுதுதல் பக்கம். ஆசிரியர் சொன்ன பத்துச் சொற்களில் பட்டம், குருவி, கப்பல் மூன்றும் சரி. மற்ற ஏழையும் அவன் எழுதியிருப்பது இப்படி: தென்னைக்கு ‘தென்ன’, காற்றுக்கு ‘காத்து’, மூன்றுக்கு ‘மூனு’, நண்பனுக்கு ‘நன்பன்’, பள்ளிக்கூடத்துக்கு ‘பல்லிகூடம்’, வாழைப்பழத்துக்கு ‘வாளபளம்’, கோழிக்கு ‘கேழி’.

சிவப்பு மை ஏழு பிழை என்கிறது. எனக்கு மூன்று பிழைதான் தெரிகிறது. அந்த மூன்றும் ஏழு இடத்தில் வந்திருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் எத்தனை முறை எழுத வைத்தாலும் பயன் இல்லை. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலில் தென்ன, காத்து, மூனு. இந்த மூன்றையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வீட்டில் நீங்களும் நானும் பேசுவது இதேதானே? பையன் காதில் விழுந்த ஒலி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்து வரிசையாக வைத்திருக்கிறான். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரியாத பிள்ளைக்குக் ‘காத்து’ கூட வராது. ‘கது’ என்று எழுதும், அல்லது ‘காது’ என்று எழுதிவிட்டுச் சரி என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் மகன் அப்படி இல்லை. அவனுக்குக் காது நன்றாக வேலை செய்கிறது. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்பதைத்தான் யாரும் அவனுக்கு இன்னும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பெஸ்தாரி ஜெயா பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்தில் (பெயர் மாறியது 2007இல்தான், பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) 1917இல் அங்கே ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரின் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை போட்ட முதல் தோட்டம் அது. தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கில எழுத்தில் அதைப் பாருங்கள், நடுவில் ‘ஐ’ கிடையாது. எழுதியவர் யாரோ, தோட்டத்து ஆட்கள் வாயில் கேட்டபடி எழுதிவிட்டார். நூறு ஆண்டுக்கு மேலாக அப்படியே நிற்கிறது. அவரை யாரும் இருபது முறை எழுத வைக்கவில்லை.

சரி, மருந்து. ‘வீட்டுச் சொல், நோட்டுச் சொல்’ என்று ஒரு விளையாட்டு. பென்சில் வேண்டாம், நோட்டு வேண்டாம். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது நீங்கள் வீட்டுச் சொல்லைச் சொல்லுங்கள், அவன் நோட்டுச் சொல்லைச் சொல்லட்டும். மழ என்றால் மழை. பான என்றால் பானை. எல என்றால் இலை. இரண்டு நாளில் அவனே கண்டுபிடித்துவிடுவான்: ஒரு பொருளின் பெயர் வாயில் ‘அ’ என்று முடிந்தால் நோட்டில் அது ‘ஐ’. கடை, சேலை, யானை, வாழை என்று எதை எடுத்தாலும் ஓடும். அவனாகக் கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. பெயர்ச்சொல்லோடு மட்டும் நிறுத்துங்கள். ‘நல்ல’, ‘பெரிய’ போன்றவற்றை இதில் இழுத்தால் ‘நல்லை பையன்’ என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பான்.

அடுத்து மூணு–மூன்று, ஒண்ணு–ஒன்று, மாட்டுக் கண்ணு–கன்று. அப்புறம் காத்து–காற்று, நேத்து–நேற்று, வெத்தல–வெற்றிலை. இந்தக் கடைசி வகையில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘த்த’ எல்லாமே ‘ற்ற’ ஆகிவிடாது. பத்து பத்துதான், வாத்து வாத்துதான், கத்தி கத்திதான். புதிதாக ஒன்றைக் கற்ற பிள்ளை ஒரு வாரத்துக்குக் கண்ட இடத்தில் எல்லாம் அதைப் போடும். ‘பற்று வாற்று’ என்று எழுதினால் கோபப்படாதீர்கள், படித்தது உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ‘ற்று’ சொற்களைத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். ஆண்டு 3 பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு சொல் இருந்தால் அதிகம்.

இரண்டாவது வகை நன்பன், பல்லிகூடம், வாளபளம். இங்கே பிழை பாதி நம்முடையது. ‘வாளப்பளம் சாப்பிடுறியாடா?’ என்று நாம் கேட்டுவிட்டு, அவன் ‘ழ’ எழுதவில்லை என்றால் என்ன நியாயம்? அவன் காதுக்கு அது வந்து சேரவே இல்லையே.

ஒரு கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் நில்லுங்கள். ‘ல’ சொல்லுங்கள்: நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டும். ‘ள’ சொல்லுங்கள்: நுனி மேலே மடிந்து அண்ணத்தைத் தொடும். ‘ழ’ சொல்லும்போது நுனி அதைவிடப் பின்னால் மடியும், ஆனால் எங்கேயும் தொடாது. தொட்டால் அது ‘ள’ ஆகிவிடும். ‘தொடாத நாக்கு’ என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். முதல் நாள் எச்சில் தெறிக்கும், சிரிப்பு வரும், பரவாயில்லை. உங்களுக்கே ‘ழ’ வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நீங்களும் சேர்ந்து பழகுங்கள். அம்மாவுக்கும் வராத எழுத்து என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். என் மகள் சிறுமியாக இருந்தபோது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பீசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) வாங்கினால், ‘வாழைப்பழம்’ என்று நாக்கு தொடாமல் சொன்னால்தான் முதல் துண்டு என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். இப்போது அவள் தன் பிள்ளையிடம் அதே சட்டத்தைப் போடுகிறாள். பாவம் அந்தப் பிள்ளை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இது புலி, இது புளி’ என்று ஆரம்பிக்காதீர்கள். நாம் அதைத் தெளிவு என்று நினைக்கிறோம். குழம்பிப் போன பிள்ளைக்கு அது குழப்பத்தை இன்னும் இறுக்கும். முதலில் ‘ழ’ மட்டும், இரண்டு வாரத்துக்கு. மழை, பழம், வாழை, கோழி, தமிழ், எழுத்து, ஏழு, கிழமை, கீழே, விழா: அவன் வயதுக்கு இவ்வளவுதான் வேண்டும், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடலாம். அது உறுதியான பிறகு ‘ள’. இன்னொரு சின்ன உதவி: ‘ழ’ தமிழில் இரட்டிக்காது. ஆகவே இரட்டித்துக் கேட்டால் ‘ல்ல’ அல்லது ‘ள்ள’, இரண்டில் ஒன்றுதான்.

பல்லிகூடத்துக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுங்கள். ஒரு தாளில் கூரை போட்ட கட்டடம் வரைந்து, உள்ளே பெஞ்சியில் வரிசையாகப் பல்லிகளை உட்கார வைத்து, ஒரு பெரிய பல்லியைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி வரையச் சொல்லுங்கள். மேலே அவன் எழுதிய ‘பல்லிகூடம்’ என்ற பெயரையே எழுதட்டும். இந்தச் சொல்லில் அவன் மறுபடி தவறுவது கடினம். விடுபட்ட ‘க்’குக்குக் கைதட்டல் போதும்: பள்–ளிக்–கூ–டம். மெதுவாகச் சொன்னால் அந்த ‘க்’ காதிலேயே விழும். வா–ழைப்–ப–ழம் என்பதிலும் அப்படித்தான். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்ற இலக்கணத்துக்கு இப்போது போகவே வேண்டாம். பெரியவர்களே அதில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பனுக்கு வருகிறேன். இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ந, ண், ன் மூன்றும் ஒரே சொல்லில், முதல், நடு, கடைசி என்று வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவனிடம் இதைக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு இது ஒரு புதையல் மாதிரி. நாம் ‘இரண்டு சுழி, மூன்று சுழி’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். அது எழுத்தின் உருவத்தைச் சொல்கிறது, எங்கே எழுதுவது என்று சொல்லவில்லை. பழைய ஆசிரியர்கள் வைத்த பெயர்களில் அந்த இடமும் இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ‘ட’வுக்கு முன்னால் வருவது ண் (வண்டி, நண்டு, பாண்டி). ‘த’வுக்கு முன்னால் ந் (பந்து, சந்தை). ‘ற’வுக்கு முன்னால் ன் (கன்று, மூன்று, தென்றல்). கூடவே, தமிழ்ச்சொல் தொடங்கினால் ‘ந’தான், மற்ற இரண்டும் முதலில் நிற்காது. இந்தப் பெயர்களைப் பாட்டுப் போலச் சொல்ல வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். மீதியை, நண்பன், விமானம் போன்றவற்றை, சொல்லாகவேதான் பழக வேண்டும். விதி எல்லா இடத்துக்கும் வராது.

மூன்றாவது ‘கேழி’. இதில் ஒலியும் தெரிந்திருக்கிறது, ‘ழ’வும் சரியாக விழுந்திருக்கிறது (கவனித்தீர்களா? அதே பையன்தான் வாழைப்பழத்தில் கோட்டைவிட்டான்). கை பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ‘கோ’ என்ற ஒலியில் ‘க்’ முதலில் வருகிறது. எழுத்தில் கொம்பு முதலில் வருகிறது, அப்புறம் க, அப்புறம் கால். கொம்பைப் போட்டு, க–வைப் போட்டவுடன் வேலை முடிந்தது என்று அடுத்த எழுத்துக்குத் தாவிவிடுகிறான். எழுதும்போது ‘இரட்டைக்கொம்பு, க, கால்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கொம்பு, கால், எழுத்து எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வெட்டிக் கொடுத்தால் அடுக்கிப் பார்ப்பான். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இனி இரண்டாவது படம், அந்த இருபது முறை பக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ப’ எழுத்துகள் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. முதலில் இருபது ‘ப’ எழுதியிருக்கிறான், அப்புறம் இருபது ‘ள்’, அப்புறம் இருபது ‘ளி’. எட்டு ‘க்’ எழுதியதும் சலித்துப்போய் ‘கூ’வுக்குத் தாவிவிட்டான். ஒன்பதாவது வரியிலிருந்து ‘க்’ கிடையாது. ஆக எட்டு முறை சரியாகவும் பன்னிரண்டு முறை பிழையாகவும் எழுதிப் பழகியிருக்கிறான். பள்ளிக்கூடம் என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் அவன் ஒரு முறைகூட எழுதவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டப் பள்ளியில் இதையேதான் செய்தேன். ஒரு சிறுமி ஐம்பது முறையைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு வந்தாள். எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். “கோடு போட்டு கோடு போட்டு இறங்கிட்டேன் டீச்சர்” என்றாள், பெருமையாக. அன்றோடு அந்தத் தண்டனையை விட்டேன்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல், பத்தே நிமிடம். சொல்லைப் பார்க்கட்டும், எழுத்து எழுத்தாகச் சொல்லட்டும், மூடட்டும், நினைவிலிருந்து எழுதட்டும், திறந்து அவனே ஒப்பிடட்டும். மூடுவதுதான் முக்கியம். பார்த்து எழுதினால் கண் வேலை செய்யும், மூடி எழுதினால்தான் நினைவு வேலை செய்யும். பிழை இருந்தால் முழுச் சொல்லையும் அடிக்காமல், தவறிய எழுத்துக்குக் கீழே மட்டும் அவன் கையால் ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் ஏழு எழுத்து. ‘பல்லிகூடம்’ என்று எழுதியபோது ப, கூ, ட, ம் நான்கும் சரி. பள்ளியில் அதற்குப் பூஜ்யம் கிடைக்கும். வீட்டில் ஏழுக்கு நான்கு கொடுங்கள். அடுத்த நாள் ஐந்து வாங்குவான்.

சொல்லை ஓர் அட்டையில் எழுதி ஒரு மைலோ டின்னில் போட்டு வையுங்கள். இன்று சரியாக எழுதிய சொல்லை நாளை மறுபடி கேளுங்கள், அப்புறம் மூன்று நான்கு நாள் கழித்து. மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாளில், சரியாக வந்தால் அட்டை இரண்டாவது டின்னுக்குப் போகும். இரண்டு வாரம் கழித்து அந்த டின்னையும் ஒரு நாள் கவிழ்த்துப் பாருங்கள். ஒரே மாலையில் இருபது முறை எழுதுவதைவிட, இடைவெளி விட்டு நான்கு முறை நினைவுபடுத்துவது ஆழமாகப் பதியும். அடுத்த வாரச் சொற்களை முன்கூட்டியே கொடுக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஷிப்ட் வேலை என்கிறீர்கள். கைப்பேசி இருக்கிறதே. ஓய்வு நேரத்தில் ஐந்து சொல்லைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரலாகப் பதிவு செய்து அனுப்புங்கள்: முதலில் வீட்டுச் சொல், அப்புறம் நோட்டுச் சொல், மெதுவாக, இரண்டு முறை. பாட்டி அதைப் போட்டுவிட்டால் போதும். பிள்ளை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், பாட்டிக்கும் ‘எத்தனை தடவடா சொல்றது’ என்ற எரிச்சல் வராது. வீடு திரும்பியதும் நோட்டைப் பாருங்கள், காலையில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள்.

பாட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவர் மனம் நோகாமல் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நோட்டின் ஓரத்தில் பெரியவர் கையெழுத்தில் ‘தென்னை’ என்று மாதிரி எழுதியிருக்கிறது. அதிலுள்ள ‘னை’ பழைய துதிக்கை எழுத்து. அவர் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் ணை, லை, ளை, னை எல்லாம் தலைக்கு மேல் யானைத் துதிக்கை மாதிரி சுழித்துத்தான் எழுதுவார்கள். 1978இல் தமிழ்நாடு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு, நம் பள்ளிகளுக்கும் இன்றைய உருவம் வந்தது. பையனுக்கு அந்தத் துதிக்கை என்னவென்றே தெரியாது. அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டு ‘தென்ன’ என்று எழுதியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. பாட்டியிடம் அந்தப் பழைய எழுத்துகளை ஒரு நாள் பேரனுக்குக் கதையாகக் காட்டச் சொல்லுங்கள், ரசிப்பான். மாதிரி எழுதித் தருவதற்கு மட்டும் பாடநூல் இருக்கட்டும்.

ஆங்கிலத்துக்கு வருவோம். ‘பி-ஓ-எல்-ஐ-எஸ்’ என்று எழுதினான் என்றால் அது மலாயில் நூற்றுக்கு நூறு சரி. பஸ்ஸுக்கு பி-ஏ-எஸ், டாக்சிக்கு டி-இ-கே-எஸ்-ஐ என்று எழுதினாலும் அப்படித்தான். சி-ஏ-டி என்ற மூன்றெழுத்து ஆங்கிலத்தில் பூனை, மலாயில் சுவருக்கு அடிக்கும் சாயம். ஏ-ஐ-ஆர் அங்கே காற்று, இங்கே தண்ணீர். ஒரே 26 எழுத்தை இரண்டு மொழி இரண்டு விதமாக வாசிக்கிறது, ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு மொழிக்கும் இரண்டு நிற அட்டை போட்ட நோட்டு வாங்குங்கள், சொல்லைச் சொல்வதற்கு முன்னால் ‘இது ஆங்கிலம்’, ‘இது மலாய்’ என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். மூன்று மொழியிலும் எழுத்துக்கூட்டச் சுலபமானது மலாய். அசை அசையாகத் தட்டினால் எழுதிவிடலாம், டி-இ-கே-எஸ்-ஐயில் இரண்டாவதாக வருகிற ‘இ’ எழுத்துக்கு மட்டும் இரண்டு ஒலி. அவன் தன்னம்பிக்கை ரொம்பக் கீழே போய்விட்ட நாளில் மலாய்ச் சொல் ஐந்து கொடுத்து ஐந்துக்கு ஐந்து வாங்க வையுங்கள்.

மலாய்ப் பள்ளிக்கு மாற்றுவது பற்றி: எழுத்துப்பிழைக்காக மாற்றாதீர்கள். பள்ளி மாற உங்களுக்கு வேறு காரணம் இருந்தால் அது உங்கள் குடும்பத்தின் முடிவு, நான் அதில் தலையிட மாட்டேன். ஆனால் சுழித் தொல்லைக்காக ஆண்டு 3 நடுவில் நண்பர்களை விட்டுப் பெயர்த்து எடுப்பது, கூரை ஒழுகுகிறது என்று ஊரை மாற்றுவது போல. டியூஷனும் அப்படித்தான். இருபது பிள்ளைகளை உட்கார வைத்து இன்னொரு சொல்வதெழுதுதல் நடத்துகிற இடமாக இருந்தால் காசு தண்டம். அவன் பிழையைப் பார்த்து அவனுக்கென்று வேலை கொடுக்கிறவர் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

டிஸ்லெக்சியா. இந்த இரண்டு பக்கத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இல்லவே இல்லை என்று இங்கிருந்து சொல்வதும் சரியாகாது. தமிழ் போல ஒலியும் எழுத்தும் பெரும்பாலும் ஒத்துப்போகிற மொழியில், அது பிழையாக மட்டும் அல்லாமல் வாசிப்பின் மந்தமாகவும் தெரியும். ஆகவே அவன் பார்க்காத ஒரு பக்கத்தை, ஆண்டு 2 பாடநூலிலிருந்து, வாய்விட்டு வாசிக்க வையுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாக இழுத்து இழுத்து வாசிக்கிறானா? மேல்வரியில் வாசித்த சொல்லை அடுத்த வரியில் புதிதாகப் பார்ப்பது போல் பார்க்கிறானா? முடித்ததும் என்ன வாசித்தான் என்று சொல்லத் தெரியவில்லையா? குடும்பத்தில் அப்பாவோ சித்தப்பாவோ இதே பாடு பட்டவர்களா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். வகுப்பாசிரியரையும், பள்ளியில் குறைநீக்கல் ஆசிரியர் (பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுப்பவர்) இருந்தால் அவரையும் பாருங்கள். ஆசிரியர்கள் நிரப்புகிற டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று கல்வி அமைச்சிடம் இருக்கிறது. அதில் ஐயம் வந்தால் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் அனுப்புவார்கள், முடிவு சொல்ல வேண்டியவர் அவர். அறிவுக்கும் டிஸ்லெக்சியாவுக்கும் தொடர்பு கிடையாது. வீட்டில் அந்தச் சொல்லை வசவாக யாரும் எடுத்துவிட வேண்டாம். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே சொன்ன பத்து நிமிட வேலை கெடுதல் செய்யாது, அதனால் இன்றே தொடங்கலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு. அழுதுகொண்டே இருபது வரி எழுதி முடிக்கிற பையன் சோம்பேறி இல்லை, ஐயா. ரோத்தானை எடுத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவனை மோட்டாரில் உட்கார வைத்து ஊரைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். கோவில் திருவிழாப் பதாகை, மளிகைக்கடைப் பலகை, கல்யாண வாழ்த்துத் தட்டி எல்லாவற்றிலும் எழுத்துப்பிழை தேடட்டும். பஞ்சமே இருக்காது, நான் உறுதி தருகிறேன். ‘வாழ்த்துக்கள்’ சரியா ‘வாழ்த்துகள்’ சரியா என்று மட்டும் அவன் கேட்டால், டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் செய்துவிட்டு, அன்றைய சொல்வதெழுதுதல் பக்கத்தைத் திருத்தாமல் அப்படியே படம் பிடித்து அனுப்புங்கள். கூடவே அந்தப் பல்லிகளின் படத்தையும்.

அன்புடன்,
குறைநீக்கல் டீச்சர்

பின்குறிப்பு: எழுதி முடித்த பிறகு முதல் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். பக்கத்தின் மேலே வெண்பலகையைப் பார்த்து எழுதிய தேதியிலும் தலைப்பிலும் இரண்டு எழுத்து விடுபட்டிருக்கிறது. காதால் கேட்டு எழுதுவதில் வருகிற பிழை வேறு, கண்ணால் பார்த்து எழுதுவதிலும் பிழை வந்தால் வேறு. வகுப்பில் எந்த வரிசையில் உட்கார்கிறான் என்று கேளுங்கள், அடுத்த விடுமுறை நாளில் ஒரு கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.